சோதனைக் கணக்கு

ஏற்காடு ஏறும்போது
இருபதாவது கொண்டை ஊசியில் குபேந்திரனுக்கு வாந்தி.
டிரில் மெஷினை விடாமல் பைக்கிலிருந்து இறங்கி
வாயைத் துடைத்துக்கொண்டு
இன்னும் எவ்வளவு தூரம் அண்ணே என்றான்.

பெர்னதத் மேடம் வீட்டு கேட்டில்
இன்டர்காம் பெட்டியைத் திறந்தேன்.
ஈரம் குடித்துச் செம்புக்கம்பி பச்சை பூத்திருந்தது.
ஸ்பீக்கருக்குப் பின்னால்
இரண்டு பல்லிமுட்டை, ஒன்று காலி.

உள்ளே மூன்று ரிசீவர்:
கூடத்தில், அடுப்படியில், மாடியறையில்.
மாடியில் இருந்ததன் சுருள் ஒயர் மட்டும்
இழுபட்டு இழுபட்டுத் தரையைத் தொட்டது.
கட்டிலில் படுத்தபடியே எடுத்திருக்கிறார்கள்.
கழற்றியதும் சுவரில்
அதன் அளவுக்கு வேறொரு நீலம்.

"கொரகொரன்னுதான் கேக்கும்," என்றார் மேடம்.
"யாருன்னு கேட்டா எல்லாருக்கும் ஒரே பதில்,
நாந்தான்.
பால்காரர் நாந்தான். கேஸ்காரர் நாந்தான்.
மிளகு பறிக்க வர்றவங்களும் நாந்தான்.
அதுல யாருன்னு அவருக்குத் தெரிஞ்சிடும்."

இனி அந்தத் தொல்லை இல்லை மேடம் என்றேன்.
நூற்றறுபது டிகிரி. கும்மிருட்டிலும் முகம் தெரியும்.

வைஃபை கேட்டுவரை எட்டவில்லை.
மிளகுக்கொடியை விலக்கி
சில்வர் ஓக் மரத்தில் ரிப்பீட்டர் கட்டினோம்.
என் போனில் ஒரு கணக்கு திறந்து
மணியைச் சோதித்தேன், அடித்தது.
அவர் போனிலும் அடித்தது, திடுக்கிட்டார்.
பணம் ஜீபேயில் வந்தது.

கணக்கை அழிக்க மறந்துவிட்டேன்.

அம்மாப்பேட்டையில் ஃபேனுக்கடியில்
வேர்த்துப் புரளும் இரவு இரண்டு பத்துக்கு
போன் சொன்னது:
உங்கள் வாசலில் ஒருவர்.
பார்த்தால் பனி.
நிதானமாக கேட்டைத் தாண்டி வந்து
லென்சில் மூக்கை உரசிவிட்டுப் போனது.
மறுநாளும் ஒருவர்: காட்டெருமை,
ஒற்றைக் கொம்பு மட்டும் ஃபிரேமுக்குள்.
ஒருவர்: மரத்தின் நிழல்.
ஒருவர்: மறுபடியும் பனி.
சென்சிட்டிவிட்டியைக் குறையுங்கள் மேடம் என்று
கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.
உனக்கு எப்படித் தெரியும் என்பாரே.

பதினோராம் நாள், சாயங்காலம் ஆறே முக்கால்,
இரும்பாலை ரோட்டில் ஏணிமேல் நிற்கிறேன்.
ஒருவர்.

பெர்னதத் மேடம்.
ஸ்வெட்டர். ஒரு கையில் காய்கறிப் பை,
மறு கையில் சாவிக்கொத்து.
சாவியை வைத்துக்கொண்டு பட்டனை அழுத்துகிறார்.
கேமராவைப் பார்க்கவில்லை.
அதற்குக் கீழே, நான் பட்டி பூசி மூடிய
நாலு ஸ்க்ரூ துளைகளின் பக்கம்
காதைச் சாய்த்து நிற்கிறார்.

சோதித்துப் பார்த்திருக்கலாம்.
நானும் அப்படித்தான் சோதிப்பேன்.

என் கையில் பச்சை வட்டம்:
பேசத் தொடவும்.
முப்பது வினாடி அடிக்கும்.
இருபதில் அவர் சொன்னார்,
யாரும் கேட்காமலே,
நாந்தான்.

தொட்டிருந்தால் என் குரல்
கொரகொரவென்று கேட்டிருக்காது.
அதுதான் இந்த மாடலின் சிறப்பே.

வட்டம் அணைந்தது. சாவி திரும்பும் சத்தம்.

ஏணியில் நின்றபடியே கணக்கை அழித்தேன்.
உறுதியாகவா என்றது.
மறுபடி சேர உரிமையாளர் அனுமதி வேண்டும் என்றது.
கீழிருந்து குபேந்திரன்
"பிளக் எத்தனை எம்எம் அண்ணே" என்றான்.
ஆறு என்றேன், எட்டு என்றேன்.

எங்கள் வீட்டுக்கு மணி கிடையாது.
கிரில் கேட், தொங்கும் பூட்டால் தட்டினால் போதும்.
தட்டினேன்.
குக்கர் விசிலுக்கு நடுவே
"யாரு" என்றாள் தமயந்தி.
தெரிந்தேதான் கேட்கிறாள், தினமும்.
இன்னொரு தடவை கேட்கட்டும் என்று
பேசாமல்
பூட்டைத் தட்டினேன்.